துபாசி விட்ட வாக்கியம்

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி மண்டபத்தில், ஞாயிறு தோறும் மைக்கைப் பிடித்துக்கொண்டு "நானும் என் மனைவியும்" என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். என் மனைவிக்குச் சட்டென்று கோபம் வரும், ஆனால் கைமணம் உள்ளவள். எனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். சின்ன வயதில் நான் மாத்தறைக் கடலில் மூழ்கிச் சாகப்பார்த்தேன். இதில் ஒன்றுகூட என்னுடையதில்லை, எல்லாம் எங்கள் பாஸ்டருடையது. அவர் சிங்களத்தில் பிரசங்கம் செய்வார். அவருக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி நின்று, வாக்கியத்துக்கு வாக்கியம் நான் தமிழில் சொல்வேன். அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும், அதுதான் முறை. "பாஸ்டர் சொல்கிறார், அவருக்கு மனைவி இருக்கிறாவாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் பிரசங்கம் கோள்மூட்டுவதாகிவிடும்.

புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் சிரிப்பார்கள். சேலை கட்டி, கண்ணாடி போட்டு, தலை நரைத்த பொம்பிளை ஒருத்தி "என் மனைவி" என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அடுத்த வாரம் சிரிக்க மாட்டார்கள். அதற்கடுத்த வாரம் என்னைப் பார்க்கவே மாட்டார்கள். கண் பாஸ்டரின் முகத்தில் இருக்கும், காது மட்டும் என்னிடம் இருக்கும். நல்ல மொழிபெயர்ப்புக்கு அதுதான் அடையாளம் என்று யாரோ ஒருமுறை என்னைத் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுத்தவர் அந்த இடத்தில் ஒருநாளும் நின்றிருக்க மாட்டார்.

மற்ற நாட்களில் நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல் மாடியில், ஒற்றை அறை ஃப்ளாட். கப்பல் கம்பனி ஒன்றின் முன்மேசையில் உட்கார்ந்து மூன்று மொழிகளில் பதில் சொல்லியே ஓய்வு பெற்றவள் நான். இப்போது கேள்வி கேட்க ஆளில்லை. கீழ் மாடியில் ட்யூஷன் வகுப்பு நடக்கிறது, பின்னேரமானால் பிள்ளைகள் ஒரே சூத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பாடமாக்குவார்கள். எதிரே ஒரு லொட்ஜ். விசாவுக்கும் வைத்தியத்துக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் அதில் சில நாள் தங்குவார்கள். பல்கனிக் கம்பியில் அவர்களுடைய துவாய் காயும். முகம் பழகி, சிரிக்கலாமா என்று நான் யோசிக்கும் நேரத்தில் துவாய் மாறியிருக்கும்.

தனிமை எனக்குப் பழகிவிட்டது என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அது பொய். சோறு வடித்து, ஒரு கோப்பையைக் கழுவி, யன்னலடியில் உட்கார்ந்து ரயில் போவதைப் பார்த்து முடிந்த பிறகும் அந்தப் பின்னேரம் முடியாமல் கிடக்கும். சில கிழமை, ஞாயிறு காலை பஸ்ஸில் கண்டக்டருக்கு இடத்தைச் சொல்ல வாய் திறக்கும்போதுதான் என் குரல் கரகரத்திருப்பது தெரியும். புதன்கிழமைக்குப் பிறகு அதைப் பாவித்திருக்க மாட்டேன்.

பாஸ்டரின் மனைவி போன வருடம் காலமானார். அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு, மனிதர் பிடிவாதமாக மேடையேறினார். சிங்களத்தில் இரண்டு மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு அழுதார். மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் மைக்கை எடுத்து, "என் மனைவி போய்விட்டாள். வீட்டில் அவளுடைய செருப்பு வாசலிலேயே இருக்கிறது. எடுத்து வைக்க எனக்குக் கை வரவில்லை" என்று சொன்னேன். குரல் உடையவில்லை. உடைந்தால் அவர் சொன்னது சனத்துக்குப் போய்ச் சேராது. அவர் அழுது தேறி அடுத்த வாக்கியத்துக்கு வந்தபோது நான் தயாராக நின்றேன். அன்று வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிய பிறகு, இப்போது அழலாம் என்று கட்டிலில் உட்கார்ந்தேன். வரவில்லை. அவர் மனைவி எனக்கு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கேக் கட்டித் தருகிறவர். அழுகை இருந்தது, ஆனால் அது பாஸ்டருடையதா என்னுடையதா என்று தெரியாமல் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் கனடாவில் இருக்கும் என் தங்கையின் பேச்சு காதில் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் அவளுக்கு விடிந்தவுடன் எனக்கு ஃபோன் எடுப்பாள்.

"அக்கா, அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம்? விழுந்தால் தூக்க ஒரு ஆள் இருக்கோ? இஞ்ச வந்து எங்களோட இருங்கோவன்."

"எனக்குச் சபை இருக்கு" என்பேன்.

"சபையில உங்களை ஆருக்குத் தெரியும்? உங்கட குரலைத்தானே தெரியும்."

அவளுக்குச் சொல்ல எப்போதும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். அன்று மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்தேன். உண்மையிலேயே யோசித்தேன். நான் போனால் யாருக்காவது குறைவு தெரியுமா? தெரியும் என்று ஒருவர் சொன்னால் போதும், நான் போகமாட்டேன். தெரியாது என்றால் இந்த ஃப்ளாட்டைக் கொடுத்துவிட்டுப் பனிக்குள் போய் உட்காரலாம் என்று முடிவு செய்தேன்.

பதில் சீக்கிரமே வந்ததாக நினைத்தேன். எனக்குத் தொண்டை கட்டி, ஒரு ஞாயிறு சத்தமே வரவில்லை. பாஸ்டருக்கு மெசேஜ் போட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்தேன். தமிழ்ப் பக்கத்துச் சனம் என்ன பாடுபடுகுதோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. எங்கள் மண்டபத்தில் இடப்பக்கம் தமிழர், வலப்பக்கம் சிங்களவர். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை, தானாக அமைந்தது. அடுத்த கிழமை போனதும் பாஸ்டர் ஓடிவந்து, என்னைச் சமாதானப்படுத்துகிற நினைப்பில் சிங்களத்தில் சொன்னார்: "அக்கா, ஒன்றும் யோசிக்க வேண்டாம். மொழிபெயர்ப்பு இல்லாமலே சமாளித்தோம். எல்லோருக்கும் விளங்கியது."

விளங்காமல் என்ன? கொழும்பில் பிழைக்கிற தமிழருக்குச் சிங்களம் விளங்காதா? பஸ்ஸில், கடையில், அரசாங்கக் கச்சேரியில், வேலைத்தலத்தில் அவர்கள் நாள் முழுக்க அதைத்தானே கதைக்கிறார்கள். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்று சொல்லமாட்டேன், தெரிந்துகொள்ள விரும்பவில்லை. மனிதர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

அந்த நாட்களில்தான் அவர் ஒரு தொடர் பிரசங்கம் யோசித்துக்கொண்டிருந்தார். வேதாகமத்தில் பெரிய ஆட்களுக்குப் பக்கத்தில் நின்று உதவிவிட்டுப் போனவர்களைப் பற்றி. உங்களுக்கு யாராவது நினைவுக்கு வருகிறார்களா என்று என்னிடமும் கேட்டார். நான் யோசிக்காமல் சொன்னேன், துபாசி.

ஆதியாகமத்தில் அவனுக்கு ஒரே ஒரு இடம். யோசேப்பின் அண்ணன்மார் அவனைச் சின்ன வயதில் விற்றுவிட்டார்கள். பிறகு பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்கு வருகிறார்கள். எதிரே அதிகாரியாக இருப்பது தங்கள் தம்பி என்று அவர்களுக்குத் தெரியாது. யோசேப்பு அவர்களுடன் நேரே பேசாமல் நடுவில் ஒரு ஆளை வைத்துப் பேசுகிறான். தமிழ் வேதாகமம் அந்த ஆளைத் துபாசி என்கிறது. இரண்டு பாஷை தெரிந்தவன். பெயரில்லை, ஊரில்லை. கடைசியில் யோசேப்பு தாங்க முடியாமல், நான்தான் உங்கள் தம்பி என்று சொல்லப்போகும் நேரத்தில், அறையில் இருந்த எல்லோரையும் வெளியே போகச் சொல்கிறான். அந்த எல்லோருக்குள் துபாசியும் இருந்திருப்பான் என்பது என் கணக்கு. உள்ளே கட்டிப்பிடித்து அழுகிறார்கள், அழுகைச் சத்தம் அரண்மனை வரைக்கும் கேட்கிறது. அவ்வளவு நாளும் இரண்டு பக்கத்துப் பேச்சையும் தன் வாயால் சுமந்தவன் கதவுக்கு வெளியே நிற்கிறான்.

இதைச் சொன்னபோது பாஸ்டர் தலையாட்டிக்கொண்டு கேட்டார். இன்னொன்றை நான் அவருக்குச் சொல்லவில்லை. யோசேப்புக்கு அண்ணன்மாரின் பேச்சு ஆரம்பத்திலிருந்தே விளங்கியது. துபாசி தேவைப்படவே இல்லை. சும்மா ஒரு ஒப்புக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள். தொண்டை கட்டிய கிழமைக்குப் பிறகு அந்த இடத்தை வாசிக்க எனக்குக் கோபம் வந்தது.

தொடரின் கடைசி ஞாயிறு வந்தது. அன்று சிங்களத்தில் அவரும் தமிழில் நானுமாக ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனோம். மோசே கையைத் தூக்கி நின்றபோது இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தவர்கள். படுக்கையில் கிடந்தவனை நாலு மூலையில் தூக்கிவந்து, கூட்டத்தைக் கண்டு திரும்பாமல், கூரையைப் பிரித்து இறக்கியவர்கள். எரேமியாவைக் கிணற்றிலிருந்து தூக்கும்போது, கயிறு அக்குளை அறுக்கக்கூடாது என்று கந்தல் துணியையும் போட்டுவிட்ட எத்தியோப்பியன். பவுல் சொல்லச் சொல்ல நீளமான நிருபம் ஒன்றை எழுதிக்கொடுத்த தெர்தியு என்பவன். அவன் பவுலின் "நான்" எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு இடத்தில், தெர்தியுவாகிய நானும் உங்களை வாழ்த்துகிறேன் என்று தன் "நானை" நுழைத்துவிட்டான். அந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது, கெட்டிக்காரன்.

பிறகு துபாசி வந்தான். பாஸ்டர் நான் சொன்ன கதையை அப்படியே சொன்னார். கதவுக்கு வெளியே நின்றதையும் விடவில்லை. நான் தமிழில் சொல்லி முடித்தேன். அப்போது அவர் சனத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் பக்கம் முழுதாகத் திரும்பினார். இத்தனை வருடத்தில் மேடையில் அவர் என்னைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே சில வாக்கியங்களைச் சிங்களத்தில் சொன்னார். என்னைப் பற்றித்தான். சொல்லிவிட்டு நிறுத்தினார்.

என் முறை. எனக்கு எல்லாச் சொல்லும் விளங்கியது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? முறைப்படி நான் அவராக நின்று, "நான்" என்று தொடங்கி, பக்கத்தில் நிற்கும் இந்தச் சகோதரியை, அதாவது என்னை, புகழ வேண்டும். என் வாயால் எனக்கே மாலை போடுவது. உலகத்தில் எந்த மனுஷிக்கு அது வரும்? வாயைத் திறந்தேன். வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன்.

வலப்பக்கம் எழுந்து நின்று கைதட்டியது. இடப்பக்கம் "ஸ்தோத்திரம்" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று கேட்பதுபோல வலப்பக்கத்தைப் பார்த்தது. ஒன்றிரண்டு பேர் மரியாதைக்குத் தட்டினார்கள். நான் யாருக்காக நின்றேனோ அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டருக்குத் தமிழ் தெரியாது. கைதட்டல் சத்தத்தில், நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நினைத்துத் திருப்தியாகச் சிரித்தார்.

ஆராதனை முடிந்து தேத்தண்ணீர் குடிக்க நிற்காமல் இறங்கிவிட்டேன். புறக்கோட்டையில் வெள்ளவத்தைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, வழக்கம்போல முன்னுக்கு, யன்னலோரம் உட்கார்ந்தேன். தங்கைக்கு இன்றைக்குச் சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று மனதுக்குள் வசனத்தைக்கூட அடுக்கிவிட்டேன். அப்போது பின்னாலிருந்து எழுந்து வந்து ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். சபையில் தமிழ்ப் பக்கம் கடைசி வரிசையில் இருக்கிற முகம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"அக்கா, நீங்க இன்னைக்கி ஒண்ண விட்டுட்டீங்க" என்றாள். குரலில் முறைப்பாடு. மலைநாட்டுத் தமிழ்.

"இந்த பஸ்ஸிலயா நீங்களும் வாறனீங்கள்?" என்று கேட்டேன்.

"எல்லா ஞாயித்துக்கெழமயும் தான். பாமன்கடையில ஒரு சிங்கள வீட்ல சமைக்கிறேன், அங்கயே தங்கல். நீங்க முன்னுக்கு உக்காருவீங்க. தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நான் பின்னுக்கு உக்காருவேன். பாஸ்டர் அவ்வளவு சொன்னாரே, நீங்க ஏன் அத மட்டும் சொல்லல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்களுக்குத்தான் சிங்களம் விளங்குதே. பிறகு நான் ஏன் சொல்லோணும்?" என்றேன்.

"விளங்கும் அக்கா. விளங்காம வேல செய்ய முடியுமா?" என்றாள். "ஆனா அந்தப் பாஷையில யாரு பேசினாலும் எனக்கு எந்திரிச்சு நிக்கணும் போல இருக்கும். இத கொண்டா, அத வைன்னு சொல்லப்போறாங்கன்னு. நீங்க தமிழ்ல சொன்னாத்தான் நான் சாஞ்சு உக்காந்து கேப்பேன். பாஸ்டர் பேசி முடிச்சாலும் எங்களுக்கு முடியாது. நீங்க சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்போம். இன்னைக்கும் காத்துக்கிட்டு தான் இருந்தோம். நீங்க வரவே இல்ல."

பஸ்ஸில் சிங்களப் பாட்டு பலமாகப் போய்க்கொண்டிருந்தது. கொள்ளுப்பிட்டியில் சனம் ஏறி எங்கள் மேல் சாய்ந்தது.

"தொண்ட கட்டின வாரம் நீங்க வரலையே, அன்னைக்கி நான் பாதியிலயே எந்திரிச்சு வெளிய போய் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "சரி, நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன். நீங்க சொல்ற மாதிரியே சொல்லவா?"

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமி, பாட்டுச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று வாயை என் காதுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். என்னைப் போலவே நிதானமாக, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்திச் சொன்னாள்.

"நான் பேசுறது பாதி தான். மிச்சப் பாதி இந்தச் சகோதரி வாயால தான் வருது."

"என் சம்சாரம் செத்தப்போ நான் அழுதுகிட்டே சொன்னேன். இவங்க அழாம சொன்னாங்க."

"அழுறதுக்கு நான் இவங்களுக்கு நேரம் குடுக்கல. இவ்வளவு வருஷமா என் கஷ்டத்த எல்லாம் இவங்க 'நான்'னு சொல்லியிருக்காங்க. இவங்க கஷ்டம் என்னான்னு நான் ஒருநாளும் கேக்கல."

"அதுக்கு நான் இவங்ககிட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

இதே வார்த்தைகளைக் காலையில் மேடையில் கேட்டேன். எல்லாம் விளங்கியது. எங்கே நிறுத்தினார், எந்தச் சொல்லில் குரல் இறங்கியது என்றுகூடக் கவனித்தேன். கண் நனையவில்லை. இப்போது பஸ்ஸில், கண்ட சனத்துக்கு நடுவில், விம்மி விம்மி அழுதேன். போன வருடம் தொண்டையில் நின்றதும் சேர்ந்து வந்தது. அவள் பயந்துபோய் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் "அம்மே, அசனீபத?" என்று சுகமில்லையா எனக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவள் சொல்லி முடித்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ்ப் பக்கத்துச் சனம் எனக்குச் சொல்கிறதை நானும் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஆமென்" என்றேன்.

"ம், இப்ப சரி" என்றாள்.

வெள்ளவத்தைச் சந்தையடியில் இருவரும் இறங்கினோம். அவள் போய்ப் பின்னேரச் சாப்பாடு சமைக்க வேண்டும். மற்றப் பக்கம் பார்த்து ரோட்டைக் கடந்து, பாமன்கடைப் பக்கம் விறுவிறென்று நடந்தாள். அடுத்த கிழமை முன்னுக்கு ஒரு இடம் பிடித்து வைக்கிறேன் என்று நான் இந்தப் பக்கம் நின்று கத்தினேன். கேட்டதோ தெரியாது, கையை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவி, பின்னேரம் தேத்தண்ணீர் போட்டு, யன்னலடியில் உட்கார்ந்தேன். கடல் பக்கம் வெளிச்சம் இன்னும் இருந்தது. தங்கை ஃபோன் எடுத்தாள்.

"என்னக்கா, முடிவு எடுத்தாச்சோ? அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம் சொல்லுங்கோ பாப்பம்."

"பாமன்கடையில ஒருத்தி இருக்கிறா" என்றேன்.

"ஆரது? பேரென்ன?"

வாயைத் திறந்தேன். கேட்க மறந்துவிட்டேன்.